ஆர்மைத் தொட்டாலே சுருதி கலைகிறது: ப்ரிட்ஜை மாற்றுவதா, வேண்டாமா?

வாசகர் கேள்வி – 4 ஜூன் 2023

என்னிடம் இருப்பது ஸ்ட்ராட் (ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) மாதிரி ஒரு எலெக்ட்ரிக் கிட்டார். ஆறு ஸ்க்ரூ போட்ட ட்ரெமொலோ ப்ரிட்ஜ் (ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும், ஆர்ம் என்ற கைப்பிடியால் சாய்க்கக்கூடிய தகடு), 9 கேஜ் (மெல்லிய) ஸ்ட்ரிங். ஆர்மை ஒரு முறை அழுத்தி விட்டாலே சுருதி கலைந்துவிடுகிறது. ஆர்மைத் தொடாமல் வாசித்தாலும் பெண்ட் செய்த (ஸ்ட்ரிங்கைப் பக்கவாட்டில் இழுத்த) பிறகு சரியாக நிற்பதில்லை. ப்ரிட்ஜே மட்டமானது, இரண்டு தூண் வைத்த கோட்டோ கம்பெனி ப்ரிட்ஜ் வாங்கிப் போடு, இல்லையென்றால் நேராக, ஸ்ட்ரிங்கைப் பூட்டிவைக்கும் ஃப்ளாய்ட் ரோஸுக்கே போய்விடு என்கிறார் நண்பர். எதை வாங்கலாம்?

4 ஜூன், இரவு

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். முதலில் ஒரு சோதனை. ஆறு ஸ்ட்ரிங்கையும் சுருதி சேர்த்துவிட்டு ஆர்மை நன்றாக அழுத்தி மெதுவாக விடுங்கள். டியூனரில் ஒவ்வொரு ஸ்ட்ரிங்காகப் பாருங்கள். எது மாறியது, ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று தாளில் எழுதுங்கள். மறுபடி சேர்த்துவிட்டு, இம்முறை ஆர்மைத் தொடாமல், மூன்றாவது ஸ்ட்ரிங்கை நன்றாக பெண்ட் செய்து விட்டுப் பாருங்கள். அதையும் எழுதுங்கள்.

ஆறும் ஒரே பக்கம் நகர்ந்திருந்தால் ப்ரிட்ஜ் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை என்று அர்த்தம். ஒன்றோ இரண்டோ மட்டும் நகர்ந்திருந்தால் ப்ரிட்ஜின் மேல் பழி போடுவது அநியாயம். அந்த ஸ்ட்ரிங் போகிற வழியில் எங்கோ சிக்குகிறது, பெரும்பாலும் நட்டில், அதாவது கழுத்தின் முனையில் ஸ்ட்ரிங்குகள் பள்ளத்தில் உட்காரும் சின்னக் கட்டையில்.

ஏறியதா இறங்கியதா என்று கேட்பதற்குக் காரணம் உண்டு. ஆர்மை அழுத்தும்போது வாசிக்கும் நீளத்தில் இழுவை குறைகிறது. நட்டுக்கு அப்பால், கீ (சுருதி சேர்க்கும் திருகு) பக்கம் இருக்கும் சின்னத் துண்டில் இழுவை அப்படியே இருப்பதால் அது கொஞ்சம் ஸ்ட்ரிங்கைத் தன் பக்கம் வாங்கிக்கொள்ளும். ஆர்மை விட்டதும் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும். நட் பள்ளம் பிடித்துக்கொண்டால் தராது. அப்போது சுருதி ஏறி நிற்கும். பெண்ட் செய்தால் நேர்மாறு: கீ பக்கத்திலிருந்து ஸ்ட்ரிங் இந்தப் பக்கம் வந்துவிட்டுத் திரும்பிப் போகாது, சுருதி இறங்கி நிற்கும். அழுத்தினால் ஏற்றம், பெண்டினால் இறக்கம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நட் என்று சொல்லலாம்.

4 ஜூன், அதே இரவு

இன்னொன்று. ஸ்ட்ரிங் எப்போது மாற்றினீர்கள்? நேற்று மாட்டிய ஸ்ட்ரிங் என்றால் இந்தச் சோதனையே செல்லாது. புது ஸ்ட்ரிங்கை விரலால் தூக்கித் தூக்கி இழுத்து, சுருதி இறங்க இறங்கச் சேர்த்து, இனி இறங்காது என்கிற நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் எதையும் அளக்க முடியும். கீ கம்பத்தில் எத்தனை சுற்று இருக்கிறது என்பதையும் பாருங்கள். ஏழெட்டுச் சுற்று சுற்றி வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு மூன்று போதும், அதுவும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் கீழ்நோக்கி இறங்க வேண்டும்.

6 ஜூன்

சோதனை முடிவு போட்டிருக்கிறீர்கள்: அழுத்திவிட்டால் ஜி (மூன்றாவது) ஸ்ட்ரிங் நன்றாக ஏறுகிறது, பி (இரண்டாவது) கொஞ்சம் ஏறுகிறது, மற்றவை ஏறக்குறைய சரி. பெண்ட் செய்தால் ஜி இறங்குகிறது. சுருதி சேர்க்கும்போது நட் பக்கம் 'டிங்' என்று ஒரு சத்தமும் வருகிறது.

அந்த 'டிங்' போதும், வேறு சாட்சி வேண்டாம். ஸ்ட்ரிங் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு, இழுவை கூடியதும் துள்ளி நகர்கிற சத்தம் அது.

பள்ளம் குறுகலாக இருக்கலாம். 9 கேஜுக்கு வெட்டிய பள்ளத்தில் 10 போட்டாலும் இதே கதைதான். பள்ளத்தின் தரை கீ பக்கம் கொஞ்சம் சரிந்து இறங்க வேண்டும்; சரியாமல் மட்டமாக இருந்தாலோ பின்பக்கம் மேடு இருந்தாலோ ஸ்ட்ரிங் மடங்கிச் சிக்கும். அதற்கென்று அளவளவாக மெல்லிய அரம் விற்கிறார்கள். அது கைவசம் இல்லையென்றால் நல்ல கிட்டார் மெக்கானிக்கிடம் கொடுங்கள். ஒரு விஷயம் மட்டும் கவனம்: அகலப்படுத்தலாம், ஆழப்படுத்தக் கூடாது. ஆழம் போனால் திறந்த ஸ்ட்ரிங் முதல் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே இருக்கும் உலோகக் கம்பியில்) இடித்துக் கரகரக்கும். நட்டையே மாற்ற வேண்டிவரும்.

அரம் வரும்வரை பென்சில். பள்ளத்தில் பென்சில் முனையை நன்றாகத் தேய்த்துக் கரியை நிரப்பிவிட்டு ஸ்ட்ரிங்கை மாட்டுங்கள். என் கிட்டார்கள் எல்லாவற்றிலும் ஸ்ட்ரிங் மாற்றும்போதெல்லாம் இதைச் செய்கிறேன். பள்ளம் உண்மையிலேயே குறுகல் என்றால் பென்சில் சில நாளைக்குத்தான் ஏமாற்றும்.

தலைப்பகுதியில் பி-யையும் முதல் ஸ்ட்ரிங்கையும் அழுத்திப் பிடிக்கும் சின்னத் தகடு, ஸ்ட்ரிங் ட்ரீ, அதுவும் ஒரு உரசல் இடம். உங்கள் பி கொஞ்சம் ஏறுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அதன் அடிப்பக்கம் சொரசொரப்பாக இருந்தால் நைஸ் உப்புத்தாளால் வழவழப்பாக்குங்கள்.

7 ஜூன்

"தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதுமே" என்று எழுதியவருக்கு: விட்ட அன்றைக்குப் பிரமாதமாக இருக்கும். அடுத்த மாதம் அந்தப் பள்ளத்தில் தூசியும் எண்ணெயும் சேர்ந்து களிம்பாகும். மரத்தில் ஊறினால் கறை வேறு. எண்ணெயைத் தையல் மெஷினுக்கே விட்டுவிடுங்கள்.

11 ஜூன்

நட் வேலை முடிந்து ஜி அடங்கிவிட்டது என்பது நல்ல செய்தி. இப்போது "ஆர்மை அழுத்தினால் ஆறும் ஒரு மயிரிழை இறங்குகிறது, மேலே தூக்கிவிட்டால் சரியாகிறது" என்கிறீர்கள். இதுதான் ப்ரிட்ஜின் பங்கு. நட்டின் சத்தத்தில் இவ்வளவு நாள் தெரியாமல் இருந்தது.

லியோ ஃபெண்டர் 1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரோடு கொண்டுவந்த அமைப்பு இது. முன்பக்கம் ஆறு ஸ்க்ரூவில் தகடு சாய்கிறது, பின்னால் குழிக்குள் ஸ்ப்ரிங்குகள் இழுக்கின்றன, முன்னால் ஸ்ட்ரிங்குகள் இழுக்கின்றன. 9–42 செட் என்றால் ஸ்ட்ரிங்குகளின் மொத்த இழுவை சுமார் 38 கிலோ. 10–46 என்றால் 46, 47 கிலோவைத் தொடும். இந்தப் பக்கம் ஒரு மூட்டை, அந்தப் பக்கம் ஒரு மூட்டை. நடுவில் தகடு தராசு முள் மாதிரி நிற்க வேண்டும். அழுத்திவிட்டதும் அதே இடத்துக்கு வர வேண்டுமென்றால் சாயும் இடத்தில் உரசலே இருக்கக் கூடாது.

ஆறு ஸ்க்ரூவையும் இறுக்கி வைத்திருந்தால் உரசாமல் என்ன செய்யும்? நான் செய்வது: ஸ்ட்ரிங்குகளைத் தளர்த்திவிட்டு, ஓரத்தில் இருக்கும் இரண்டு ஸ்க்ரூக்களை மட்டும் தகடு தாராளமாகச் சாயும் அளவுக்கு வைப்பேன். நடுவில் இருக்கும் நான்கையும் அவற்றைவிடக் கொஞ்சம் மேலே தூக்கிவிடுவேன். அவை தகடு பக்கவாட்டில் நகராமல் பார்த்துக்கொண்டால் போதும், பாரம் தாங்க வேண்டியதில்லை. நாலையும் கழற்றியே எறிந்துவிடுகிறவர்களும் உண்டு. ஓட்டை தெரிவது எனக்குப் பிடிக்காததால் விட்டுவைத்திருக்கிறேன், வேறு தத்துவம் இல்லை.

தகட்டின் அடிப்பக்கம் அந்த ஓட்டைகளைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். நல்ல ப்ரிட்ஜில் ஓட்டையின் கீழ் விளிம்பு சரிவாகச் சீவப்பட்டு, ஸ்க்ரூவை மெல்லிய முனைதான் தொடும். மலிவானவற்றில் தகட்டின் முழுத் தடிமனும் ஸ்க்ரூவின் மரையில் உரசும். புது ப்ரிட்ஜ் வாங்குவதற்கு நியாயமான முதல் காரணம் என்றால் இதைச் சொல்வேன்.

11 ஜூன், பின்குறிப்பு

ஸ்ப்ரிங் எத்தனை என்று கேட்காதீர்கள். மூன்று போட்டால் கை இலகு, ஐந்து போட்டால் விறைப்பு. எத்தனை போட்டாலும் பின்னால் ஸ்ப்ரிங்குகளைப் பிடித்திருக்கும் க்ளா என்ற தகட்டின் இரண்டு ஸ்க்ரூக்களைத் திருப்பிச் சமன் செய்யத்தான் வேண்டும். பழைய மாதிரி ஆறு ஸ்க்ரூ ப்ரிட்ஜுக்குத் தகட்டின் பின்விளிம்பு உடலிலிருந்து 3.2 மில்லிமீட்டர் உயர்ந்து நிற்பது ஃபெண்டர் சொல்லும் அளவு. நானே பல வருடம் அதைவிடக் குறைத்து வைத்துத்தான் வாசித்தேன், ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

12 ஜூன்

"ஸ்டீல் ப்ளாக் மாற்றினால் சுருதி நிற்கும்" என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். ப்ளாக் என்பது தகட்டுக்கு அடியில் குழிக்குள் இறங்கும், ஸ்ப்ரிங்குகள் மாட்டும் உலோகக் கட்டை. ஸ்டீல் ப்ளாக்கால் நாதம் மாறலாம், எனக்கும் பிடிக்கும். துத்தநாகக் கலவை ப்ளாக்கில் ஆர்ம் சொருகும் மரை தேய்ந்து ஆர்ம் லொடலொடவென்று ஆடும், ஸ்டீலில் அந்தத் தொல்லை குறைவு. சுருதி நிற்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ப்ளாக் எந்த உலோகமாக இருந்தாலும் தகடு சாயும் இடம் அதே இடம்தான்.

18 ஜூன்

சரி, மாற்றியே தீருவேன் என்கிறீர்கள். ஆசையை மறிக்க நான் யார்? ஆனால் காசு கட்டுவதற்கு முன் வெர்னியர் காலிப்பர் ஒன்று இரவல் வாங்குங்கள். ஸ்ட்ராட் ப்ரிட்ஜ் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்து வாங்கி, மாட்ட முடியாமல் அலமாரியில் வைத்திருப்பவர்கள் ஒரு கட்சியே தொடங்கலாம்.

முதல் அளவு: ஓர ஸ்க்ரூவின் மையத்திலிருந்து மறு ஓர ஸ்க்ரூவின் மையம் வரை. மையத்தைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம். ஒரு ஸ்க்ரூவின் இடது விளிம்பிலிருந்து மற்றதன் இடது விளிம்புக்கு அளந்தால் அதே எண் கிடைக்கும். பழைய அமெரிக்க அளவு சுமார் 56 மில்லிமீட்டர். ஆசியாவில் செய்யும் பெரும்பாலான கிட்டார்களில் 52.5 வரும். மூன்றரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஓட்டையில் ஸ்க்ரூ இறங்காது.

அடுத்தது சேடில் (ப்ரிட்ஜில் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் உட்காரும் குட்டித் துண்டு) இடைவெளி. முதல் ஸ்ட்ரிங்கிலிருந்து ஆறாவது வரை பழைய அளவு 56-க்குக் கொஞ்சம் மேல், புதிய அளவு சுமார் 52. கழுத்து ஒல்லியாக இருந்து சேடில் அகலமாக இருந்தால் முதல் ஸ்ட்ரிங் ஃப்ரெட் ஓரத்திலிருந்து வழுக்கி விழும். பெண்ட் செய்கிறவருக்கு இது சுருதியைவிடப் பெரிய தலைவலி.

ப்ளாக் ஆழத்தையும் பார்த்துவிடுங்கள். விலை குறைந்த கிட்டார் சிலவற்றின் உடல் முழு ஸ்ட்ராட்டைவிட மெல்லியது. முழு நீள ப்ளாக் போட்டால் பின்பக்கம் வெளியே எட்டிப்பார்க்கும், சட்டை பொத்தானில் உரசும். அதோடு ஆர்ம் மரை: அமெரிக்க ப்ரிட்ஜுகளில் அங்குலக் கணக்கு, ஆசிய ப்ரிட்ஜுகளில் மில்லிமீட்டர் கணக்கு. பழைய ஆர்ம் புது ப்ளாக்கில் கொஞ்ச தூரம் ஏறும், பிறகு மாட்டிக்கொள்ளும். பலம் காட்டினால் மரை காலி. ப்ரிட்ஜோடு வரும் ஆர்மையே பயன்படுத்துங்கள்.

இரண்டு தூண் வகை பற்றி நண்பர் சொன்னது தப்பில்லை. ஃபெண்டரே 1980-களின் பிற்பகுதியில் அமெரிக்கன் ஸ்டாண்டர்ட் ஸ்ட்ராட்டுக்கு அதற்கு மாறியது. ஆறு இடத்தில் உரசுவதற்குப் பதிலாக இரண்டு தூணின் காடியில் தகட்டின் கத்தி முனை உட்காருகிறது. உரசல் குறைவு, திரும்பி வருவது துல்லியம். என்னிடம் இருக்கும் இன்னொரு கிட்டாரில் அப்படிப்பட்ட கோட்டோதான், வருடக்கணக்காகத் தொந்தரவில்லை. ஆனால் அது தொழிற்சாலையிலேயே அப்படி வந்தது. உங்களுடையதில் பழைய ஆறு ஓட்டைகளையும் கெட்டி மரக் குச்சி வைத்து ஒட்டி அடைத்து, அது காய்ந்தபின் தூணுக்குப் பெரிய ஓட்டை போட வேண்டும். ஸ்க்ரூ இருந்த அதே கோட்டில் தூண் வரும் என்று நம்பி ட்ரில்லை எடுக்காதீர்கள். ஸ்ட்ராட்டின் ஸ்கேல் (நட்டிலிருந்து ப்ரிட்ஜ் வரை வாசிக்கும் நீளம்) 25.5 அங்குலம், அதாவது 648 மில்லிமீட்டர். நட்டிலிருந்து அந்த அளவு வைத்து, சேடில்கள் முன்னும் பின்னும் நகர இடம் விட்டு, காகிதத்தில் அச்சு வரைந்து ஒட்டி, அப்புறம்தான் ஓட்டை. மரவேலை தெரிந்தவர், ட்ரில் ஸ்டாண்ட் வைத்திருப்பவர் செய்ய வேண்டிய வேலை. தூண் ஒரு டிகிரி சாய்ந்தால் போட்ட காசு வீண்.

இதையெல்லாம் யோசித்தால், ஆறு ஸ்க்ரூ ஓட்டையிலேயே உட்காரும் தரமான ப்ரிட்ஜ் ஒன்று உங்களுக்குப் போதும் என்று படுகிறது. கோட்டோவிலேயே அந்த வகையும் வருகிறது. மரத்தில் கை வைக்க வேண்டாம், பிடிக்காவிட்டால் பழையதை மறுபடி மாட்டிக்கொள்ளலாம்.

19 ஜூன்

"சேடிலை முன்னே பின்னே நகர்த்தினால் சுருதி நிற்குமா?" நிற்காது. அது வேறு இலாகா. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தி வாசிக்கும் ஸ்வரமும் அதே இடத்து ஹார்மோனிக்கும் (ஸ்ட்ரிங்கை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலி) ஒன்றாக இருக்கச் செய்யும் வேலை அது. கழுத்தின் மேலே போகப் போக சுருதி விலகினால் சேடிலைத் தொடுங்கள். நேரமாக ஆக விலகினால் சேடிலை விட்டுவிடுங்கள்.

25 ஜூன்

ஃப்ளாய்ட் ரோஸ் பற்றித் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் அதைப் பற்றி என் எண்ணம் ஒரே நிலையில் நின்றதில்லை.

ஃப்ளாய்ட் ரோஸ் என்பது ஆளின் பெயர். 1970-களின் பின்பாதியில், ஆர்மை அழுத்திய பிறகு சுருதி நிற்காத இதே எரிச்சலில், நட்டில் ஸ்ட்ரிங்கை இறுக்கிப் பூட்டிவிட்டால் என்ன என்று யோசித்தவர். 1979-இல் காப்புரிமை கிடைத்தது. ராக் கிட்டார் கலைஞர் எட்டி வான் ஹேலன் கைக்குப் போனதும் உலகமே கேட்டது. யோசனை முரட்டுத்தனமானது, ஆனால் சரியானது: நட்டில் உரசல் பிரச்சினையா, நட்டைத் தாண்டி ஸ்ட்ரிங் நகரவே வேண்டாம். சேடிலிலும் பூட்டு. ஸ்ட்ரிங் இரண்டு முனையிலும் கவ்வப்பட்டுவிட்டால் கீ, ஸ்ட்ரிங் ட்ரீ, சுற்று எல்லாம் கணக்கிலிருந்து போய்விடுகின்றன. பூட்டியபின் கீயைத் திருப்பியும் பயனில்லை என்பதால் ப்ரிட்ஜிலேயே நுண் சுருதிக்குக் குட்டி ஸ்க்ரூக்கள் பிற்பாடு வந்தன.

வாங்கிய புதிதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்ட்ரிங் தொளதொளவென்று தொங்கும்வரை அழுத்தி விட்டாலும் சுருதி அப்படியே நின்றது. வேறு எந்த ப்ரிட்ஜும் வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.

பிறகு ஒரு கல்யாண மெல்லிசைக் கச்சேரி. பாட்டின் நடுவில் முதல் ஸ்ட்ரிங் அறுந்தது. சாதாரண ப்ரிட்ஜ் என்றால் மிச்சம் ஐந்தில் சமாளித்துவிடலாம். மிதக்கும் ப்ரிட்ஜில், அதாவது உடலில் படியாமல் இரண்டு பக்க இழுவைக்கும் நடுவில் நிற்பதில், ஒரு ஸ்ட்ரிங்கின் இழுவை போனதும் ஸ்ப்ரிங் பக்கம் ஜெயித்துவிடுகிறது, மற்ற ஐந்தும் சேர்ந்து ஏறிவிடுகின்றன. மேடையில் ஆலன் கீயைத் தேடி, பூட்டைத் திறந்து, புது ஸ்ட்ரிங்கின் குண்டு முனையை வெட்டி, சேடிலில் கவ்வி... அதற்குள் மாப்பிள்ளை பெண் சாப்பிடப் போய்விடுவார்கள். அன்றிலிருந்து அந்தக் கிட்டாரை மேடைக்குத் தனியாகக் கொண்டுபோவதில்லை, ஒரு ஹார்ட்டெயில் (ஆர்ம் இல்லாத, அசையாத ப்ரிட்ஜ் உள்ள கிட்டார்) துணைக்கு வரும்.

உங்கள் கிட்டாரில் அதைப் போடலாமா? தூண் இடைவெளி 74 மில்லிமீட்டர், எனவே புது ஓட்டை. ரூட்டர் வைத்து உடலைக் குடைய வேண்டும். பூட்டு நட் உட்கார கழுத்தின் முனையில் மரத்தைச் சீவ வேண்டும். சீவியதை மீண்டும் ஒட்ட முடியாது. நட் அகலத்துக்கு ஆர்2, ஆர்3 என்று அளவுப் பெயர்கள் உண்டு: ஆர்2 சுமார் 41 மில்லிமீட்டர், ஆர்3 சுமார் 43. ஃபிங்கர்போர்டின் வளைவும் பொருந்த வேண்டும். ஃப்ளாய்ட் சேடிலை ஒவ்வொன்றாக உயர்த்த ஸ்க்ரூ கிடையாது, அடியில் தகடு வைத்துத்தான் சரிக்கட்டலாம். பழைய பாணி 7.25 அங்குல வளைவில் அது பெரும் அவஸ்தை. நேர்மையாகச் சொன்னால், ஃப்ளாய்ட் வேண்டுமென்றால் ஃப்ளாய்டோடு வரும் கிட்டாரை வாங்குவது மலிவு.

வகைகளில் கவனம். ஒரிஜினல் ஜெர்மனியில் ஷாலர் செய்வது. கொரியாவில் செய்யும் 1000 வரிசையும் உறுதியானது. ஸ்பெஷல் என்று வரும் மலிவு வகையில் சேடிலும் ப்ளாக்கும் துத்தநாகக் கலவை; அடிக்கடி பூட்டித் திறந்தால் சேடில் தேயும்.

26 ஜூன்

நேற்று எழுதியதை மறுபடி படித்தால் ஃப்ளாய்டை ரொம்பத் திட்டிவிட்ட மாதிரி இருக்கிறது. ஸ்டீவ் வாய் மாதிரி ஆர்மை ஒரு வாத்தியமாகவே கையாள வேண்டும் என்பவருக்கு இரட்டைப் பூட்டைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அவர் வாசிப்பது ஐபனெஸ் செய்த அதே குடும்பத்து அமைப்பில். ஆனால் ஸ்வரத்தின் முடிவில் லேசாக ஒரு நடுக்கம் கொடுக்க மட்டும் ஆர்ம் வேண்டும் என்றால் இவ்வளவு இரும்பு எதற்கு? ஜெஃப் பெக் ஆர்மில் செய்யாத வித்தையா? அவருடைய ஸ்ட்ராட்டில் இருந்தது இரண்டு தூண் ப்ரிட்ஜும் ரோலர் நட்டும். ஸ்ட்ரிங்கைப் பூட்டாமல் வழுக்க விடும் வழி.

1 ஜூலை

தனிச் செய்தியில் ஒருவர் கேட்டது, இங்கேயே பதில் சொல்கிறேன்: கர்நாடக சங்கீதம் கிட்டாரில் பழகுகிறார், கமகத்துக்கு ஸ்ட்ரிங்கை நிறைய இழுக்கிறார், மற்ற ஸ்ட்ரிங் சுருதி விலகுகிறது, ப்ரிட்ஜ் பழுதா?

பழுதில்லை, இயல்பு. மிதக்கும் ப்ரிட்ஜில் ஒரு ஸ்ட்ரிங்கைப் பக்கவாட்டில் இழுத்தால் மொத்த இழுவை கூடுகிறது, தகடு முன்னால் சாய்கிறது, மற்ற ஸ்ட்ரிங்குகள் இறங்குகின்றன. ராக் வாசிப்பவர் ஒரு ஸ்ட்ரிங்கை மட்டும் கேட்கவிடுவதால் பெரிதாகத் தெரியாது. நீங்கள் ஸ-வையும் ப-வையும் திறந்த ஸ்ட்ரிங்கில் ஒலிக்கவிட்டுக்கொண்டு அதன் மேல் காந்தாரத்தை அசைத்தால், அசைகிற ஒவ்வொரு தடவையும் ஆதார சுருதியே சேர்ந்து ஆடும். தோடி பாடும்போது தம்புராவும் தோடி பாடினால் எப்படி இருக்கும்? உங்களுக்கு எந்த ட்ரெமொலோவும் ஆகாது. ஹார்ட்டெயிலுக்குப் போங்கள். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் வாசித்த ஐந்து ஸ்ட்ரிங் எலெக்ட்ரிக் மாண்டலினில் இப்படி ஆர்மும் ஸ்ப்ரிங்கும் கிடையாது.

புது கிட்டார் வாங்க வேண்டாம் என்றால் இருக்கும் ப்ரிட்ஜை அடைத்துவிடலாம். பின் குழியில் ப்ளாக்குக்கும் மரத்துக்கும் இடையே சரியாகச் சீவிய மரக்கட்டையைச் செருகுவது. எரிக் கிளாப்டன் ஸ்ட்ராட்டில் செய்ததும் இதுதான். அல்லது க்ளா ஸ்க்ரூவை நன்றாக இறுக்கி, ஐந்து ஸ்ப்ரிங் போட்டு, தகட்டை உடலோடு படிய வைத்துவிடுங்கள். கீழ்நோக்கி ஆர்ம் வேலை செய்யும், பெண்ட் செய்தால் தகடு அசையாது, ஸ்ட்ரிங் அறுந்தாலும் மற்றவை நிற்கும். இப்போது நான் மேடையில் வாசிப்பது இந்த ஏற்பாட்டில்தான்.

2 ஜூலை

எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். கிட்டார் கலைஞர் கார்ல் வெர்ஹெயன் ஸ்ட்ராட் ப்ரிட்ஜை மிதக்க விட்டே, க்ளாவைச் சற்றுச் சாய்வாக வைத்து, ஆர்மை மேலே இழுத்தால் ஜி மூன்று அரை ஸ்வரம், பி இரண்டு, முதல் ஸ்ட்ரிங் ஒன்று ஏறும்படி அமைக்கிறார். அப்படி அமைத்தால் கோர்டை ஆர்மில் ஆட்டும்போது காதுக்கு இதமாகவே ஆடுகிறது. முயன்று பார்த்தேன், பிரமாதம். கமகக்காரருக்குச் சொன்ன பதில் மட்டும் மாறவில்லை.

15 ஜூலை

சென்னையில் இருப்பவர்கள் எல்லோரும் ப்ரிட்ஜைத் திட்டுவதற்கு முன் ஏசியைக் கொஞ்சம் யோசியுங்கள். குளிர்ந்த அறையில் சேர்த்த கிட்டாரைத் திறந்தவெளி மேடைக்குக் கொண்டுபோய் விளக்குக்கு அடியில் நின்றால் ஸ்டீல் ஸ்ட்ரிங் சூட்டில் நீண்டு எல்லாம் இறங்கும். அது எந்த ப்ரிட்ஜிலும் இறங்கும், பூட்டு நட் போட்டாலும் இறங்கும். கழுத்து மரம் ஈரத்தில் அசைவது இன்னும் மெதுவாக, நாள்கணக்கில் நடப்பது. மேடைக்கு அரை மணி முன்னால் பெட்டியிலிருந்து எடுத்து அங்கேயே ஸ்டாண்டில் வைத்துவிட்டுப் பிறகு சேர்ப்பது என் வழக்கம். சேர்க்கும்போது எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றி நிறுத்துங்கள். ஏறிவிட்டால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். இல்லாவிட்டால் கீயின் பல்லில் இருக்கும் தொய்வு இரண்டாவது பாட்டில் பழிவாங்கும்.

எவர்ட்யூன் பற்றிக் கேட்டவருக்கு: ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் தனி ஸ்ப்ரிங்கும் நெம்புகோலும் வைத்து இழுவையை ஒரே அளவில் பிடித்துவைக்கும் ப்ரிட்ஜ் அது. இந்தச் சூடு குளிர் விவகாரத்துக்கு உண்மையான மருந்து. ஆர்ம் கிடையாது, உடலை நிறையக் குடைய வேண்டும். ஸ்டூடியோவில் கன உலோக இசை பதிவு செய்பவர்கள் கொண்டாடுகிறார்கள், காரணம் உண்டு.

30 ஜூலை

கேள்வி கேட்டவர் ஆறு ஸ்க்ரூ வகையிலேயே தரமான ப்ரிட்ஜ் வாங்கி மாட்டியிருக்கிறார். ஆர்மை அழுத்தினால் திரும்பி வருகிறது, நட்டும் அமைதி. மகிழ்ச்சி. "நட் வேலையோடு நிறுத்தியிருந்தாலே பெரும்பகுதி சரியாகியிருக்கும் போல" என்று எழுதியிருக்கிறார். இதைச் சொன்னதற்காக அவர் நண்பரின் கோபத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

மாட்டிய பிறகு 'ம்ம்' என்று ஒரு இரைச்சல் வருவதாகச் சொல்வது ப்ரிட்ஜ் கோளாறல்ல. பின் குழியில் க்ளாவில் ஈயம் வைத்துப் பற்றவைத்த எர்த் வயர் ஒன்று இருக்கும். க்ளா ஸ்க்ரூவைத் திருப்பித் திருப்பி அது விட்டுப்போயிருக்கும். பற்றவைத்தால் தீரும். ஸ்ட்ரிங்கைக் கையால் தொடும்போது இரைச்சல் குறையாமல் அப்படியே இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

9 ஆகஸ்ட்

பழைய கிட்டார் ஒன்று, ஃப்ளாய்டோடு, நல்ல விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று புதிதாக ஒருவர். படத்தை வைத்துச் சொல்ல முடியாது. நேரில் போய் ஆர்மை அழுத்தி விட்டு, பிறகு மேலே தூக்கி விட்டு, இரண்டு தடவையும் டியூனரைப் பாருங்கள். அழுத்தியபின் இறக்கம், தூக்கியபின் ஏற்றம் என்று இரண்டு வேறு இடத்தில் நின்றால் கத்தி முனை மழுங்கியிருக்கும் அல்லது தூணின் காடி குழிந்திருக்கும். ஸ்ட்ரிங் முழு இழுவையில் இருக்கும்போதே தூணைத் திருப்பி உயரம் மாற்றியவர் கையில் இருந்த ப்ரிட்ஜ் பெரும்பாலும் இப்படித்தான் ஆகும். தூண் மட்டும் என்றால் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம், செலவு குறைவு. முனை போயிருந்தால் தகட்டையே மாற்ற வேண்டும்; அந்தத் தொகையை விலையில் கழித்துக் கேளுங்கள். பூட்டு நட்டின் மூன்று குட்டிக் கட்டைகளும் இருக்கின்றனவா என்றும் எண்ணிப் பாருங்கள், தொலைவது அவைதான்.